கேமரா எங்கே பார்த்து வெளிச்சத்தை அளக்கிறது? – மீட்டரிங் முறையைத் தேர்ந்தெடுக்கப் பயனுள்ள குறிப்புகள்

கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் வேட்டி நன்றாக வந்திருக்கும், முகம் மட்டும் இருண்டு போயிருக்கும். நாட்டிய மேடையில் எடுத்தால் நேர்மாறு. பின்னாலுள்ள கறுப்புத் திரை சாம்பல் பூத்துத் தெரியும், ஆடுகிற பெண்ணின் முகம் கண், மூக்கு தெரியாமல் வெளுத்திருக்கும். கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பழுது ஏதும் இருக்காது. ஃபிரேமில் எந்த இடத்து வெளிச்சத்தை அளக்க வேண்டும் என்று கேமராவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்வதற்குத்தான் மீட்டரிங் முறைகள் இருக்கின்றன. கேமராவோடு வரும் கையேட்டில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற விஷயம் இது. ஒருமுறை பிடிபட்டுவிட்டால், புது லென்ஸ் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

1. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் மீட்டரின் அடிப்படைக் குணம் ஒன்றுதான். பொருளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தை அது அளக்கிறது. அந்தப் பொருள் வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, ஃபிரேம் முழுக்க அது மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து இன்னொரு படம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வந்திருக்கும். இனி வரும் குறிப்புகள் எல்லாம் இந்த இரண்டு படங்களை அடிப்படையாகக் கொண்டவை. அதனால் இதைப் படிப்பதோடு நிறுத்தாமல் செய்தும் பார்த்துவிடுங்கள்.

2. முறைகளின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வேலை ஒன்றுதான். ஃபிரேம் முழுவதையும் பல கட்டங்களாகப் பிரித்து அளப்பதை (இங்கே ‘பலகட்ட முறை’ என்போம்) நிக்கான் ‘மேட்ரிக்ஸ்’ என்கிறது, கேனான் ‘எவால்யுவேட்டிவ்’ என்கிறது, சோனியும் ஃபியூஜியும் ‘மல்டி’ என்கின்றன. நடுப்பகுதிக்கு அதிக மதிப்பும் ஓரங்களுக்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது ‘சென்டர் வெயிட்டட்’. ஒரு சின்ன வட்டத்தை மட்டும் பார்ப்பது ‘ஸ்பாட்’. கேனானில் ஸ்பாட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக ‘பார்ஷியல்’ என்று ஒன்று உண்டு. மெனுவில் பெயருக்குப் பதில் குறிதான் தெரியும். கேனானில் சதுரத்துக்குள் புள்ளி மட்டும் இருந்தால் ஸ்பாட், வட்டம் மட்டும் இருந்தால் பார்ஷியல், வட்டமும் புள்ளியும் சேர்ந்திருந்தால் எவால்யுவேட்டிவ், சதுரம் வெறுமையாக இருந்தால் சென்டர் வெயிட்டட்.

3. டயலில் பச்சை ‘ஆட்டோ’ இருக்கும்வரை பெரும்பாலான கேமராக்களில் மீட்டரிங் முறையை மாற்ற முடியாது. ‘பி’, ‘ஏ’ (கேனானில் ‘ஏவி’), ‘எஸ்’ (கேனானில் ‘டிவி’), ‘எம்’ ஆகியவற்றில் ஒன்றுக்கு வந்த பிறகுதான் மெனு திறக்கும். புதிதாகக் கற்பவர்கள் ‘ஏ’ அல்லது ‘ஏவி’யில் தொடங்கலாம். அபெர்ச்சரை நீங்கள் வைக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். மீட்டர் என்ன நினைக்கிறது என்பது ஷட்டர் எண்ணில் உடனே தெரிந்துவிடும்.

4. அன்றாடப் படங்களுக்குப் பலகட்ட முறையிலேயே கேமராவை வைத்திருங்கள். பிறந்தநாள், சுற்றுலா, தெருக்காட்சி என்று பத்துக்கு எட்டு இடத்தில் அது போதும். இது நாற்பது வருடத்துக்கு மேல் தேய்த்துத் தீட்டப்பட்ட தொழில்நுட்பம். 1983-ல் வந்த நிக்கான் எஃப்ஏ என்ற பிலிம் கேமராதான் ஃபிரேமை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்த முதல் கேமரா. 1996-ல் அதே கம்பெனியின் எஃப்5 ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளில் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் படம் பதிவாகும் சென்சாரே மீட்டரும் ஆகிவிட்டதால், ஃபிரேமில் முகம் இருந்தால் அதைக் கண்டுபிடித்து அதற்கு முன்னுரிமை தரவும் முடிகிறது. சோனியில் ‘ஃபேஸ் பிரயாரிட்டி’ என்று இதற்குத் தனி அமைப்பே உண்டு. வீட்டு விசேஷங்களுக்கு அதை ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. மீட்டரிங் முறை ‘எங்கே அளப்பது’ என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. அளந்த இடம் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு பொத்தான் இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறிகள் சேர்ந்திருக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் அது. +1 என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம், −1 என்றால் பாதி. இந்த ஒரு படியை ‘ஸ்டாப்’ என்பார்கள். நாலு மீட்டரிங் முறைகளையும் மாற்றி மாற்றித் திருகுகிறவரைவிட, ஒரே முறையில் நின்று இந்தப் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிந்தவர் நல்ல படம் எடுப்பார். இதை நான் உறுதியாகவே சொல்வேன். புது கேமரா வாங்கியதும் விரல் பழக வேண்டிய முதல் பொத்தான் இதுதான்.

6. ஃபிரேமில் வெள்ளை அதிகமென்றால் கூட்டுங்கள். வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் பெரியவர்கள், வெள்ளையடித்த சுவர், ஊட்டிப் பனிமூட்டம் எல்லாமே மீட்டரை ஏமாற்றும். தூத்துக்குடி உப்பளத்தில் குவியல் குவியலாகக் கிடக்கும் உப்பைப் பலகட்ட முறையில் அப்படியே எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும், அதன் முன் நிற்கும் தொழிலாளியின் முகம் நிழலுருவமாகிவிடும். +1-ல் தொடங்கி, தேவைப்பட்டால் +1.7 வரை போய்ப் பாருங்கள். பத்திரம், பழைய கடிதம், சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கும்போதும் இதே கணக்குதான். +1 கூட்டினால் தாள் தாளாக இருக்கும், எழுத்தும் தெளிவாக நிற்கும்.

7. கறுப்பு அதிகமென்றால் குறையுங்கள். எண்ணெய் ஏறிய கருங்கல் சிலை, எருமை, கறுப்பு வெல்வெட் துணியில் பரப்பிய நகைகள் ஆகியவற்றுக்கு −0.7 முதல் −1.3 வரை. நகைக்குக் குறைக்காமல் எடுத்தால் வெல்வெட் வெளிறிப்போய், தங்கத்தின் மினுங்கும் விளிம்புகளில் வேலைப்பாடு தெரியாமல் போகும். நகைகளுக்குப் படத்தோடு கணக்கு வைத்துக்கொள்கிற வீடுகளில் இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

8. முகத்தில் ஸ்பாட் வைத்து அளக்கும்போது தோலின் நிறத்தைக் கணக்கில் எடுங்கள். நம் ஊர் மாநிறம் மீட்டர் எதிர்பார்க்கும் நடுத்தர அளவுக்கு ஏறக்குறைய நெருக்கமானது. திருத்தம் தேவைப்படாது, தேவைப்பட்டாலும் கொஞ்சம்தான். வெளிர் நிறத்துக்கு +0.7 முதல் +1 வரை கூட்ட வேண்டும். நல்ல கறுப்புக்கு −0.7 அளவு குறைக்க வேண்டும். இதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. வெள்ளைச் சட்டை போட்ட கறுத்த மனிதரைப் பலகட்ட முறையில் எடுக்கும்போது, சட்டையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, அவர் முகம் விவரமில்லாமல் இருண்டுவிடுகிறது. அதைச் சரிசெய்கிறேன் என்று முகத்தில் ஸ்பாட் வைத்து, குறைக்க வேண்டியதைக் குறைக்காமல் எடுத்தால் அவர் நிறமே மாறி வெளிறிவிடுகிறது. கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் உண்மையான நிறம் காணாமல் போவதற்கு மேக்கப்பும் எடிட்டிங்கும் மட்டும் காரணமில்லை, எடுக்கும்போதே அளவு தவறுகிறது. கறுப்புத் தோலில் வெளிச்சம் கன்னத்திலும் நெற்றியிலும் அழகாக மினுங்கும். அந்த மினுக்கம் தெரிகிற அளவுக்குக் குறைத்து எடுப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

9. யார் முகத்தை எப்படி அளப்பது என்று குழப்பமாக இருந்தால் உங்கள் உள்ளங்கையைப் பயன்படுத்துங்கள். முகநிறம் எப்படியிருந்தாலும் உள்ளங்கை நிறம் மனிதருக்கு மனிதர் அவ்வளவாக மாறுவதில்லை. அது நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. படமெடுக்கப் போகிறவர் மீது விழும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி, ஸ்பாட்டால் அளந்து, +1 வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிற்பவருக்கு நிழலில், வெயிலில் நிற்பவருக்கு வெயிலில் அளக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வெயில் படும் பசும்புல்லும், போட்டு நாளாகி வெளுத்த தார்ச்சாலையும் நடுத்தர அளவுக்கு நெருக்கமானவை. சினிமாப் படப்பிடிப்பில் நடிகரின் முகத்தருகே வெள்ளைக் குமிழ் வைத்த சிறு கருவியை நீட்டுவதைப் பார்த்திருக்கலாம். அது பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, அங்கே வந்து விழும் வெளிச்சத்தையே அளக்கிறது. அதனால் சட்டை வெள்ளையா கறுப்பா என்ற குழப்பம் அதற்கு வருவதில்லை.

10. எதிர்வெளிச்சத்தில் முதலில் முடிவெடுங்கள், பிறகு அளவெடுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காலையில் மேற்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். அங்கே இரண்டு படங்கள் இருக்கின்றன. வானத்தின் நிறம் வேண்டுமென்றால் வானத்தில் ஸ்பாட் வைத்து அளந்து பூட்டிக்கொள்ளுங்கள் (எப்படி என்பது குறிப்பு 14-ல்), கோயில் கறுத்த நிழலுருவமாக எழுந்து நிற்கும். கல்லில் காற்றும் உப்பும் அரித்த தடங்கள் வேண்டுமென்றால் நிழல் பக்கத்துக் கல்லில் அளக்க வேண்டும், வானம் வெளுத்துத்தான் போகும். பலகட்ட முறை இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்து, வானமும் அரைகுறை, கல்லும் அரைகுறை என்று கொடுக்கும். ஜன்னல் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கும்போதும் இதே நிலைதான். முகம்தான் வேண்டுமென்றால் பலகட்ட முறையில் +1.3 கூட்டுங்கள், அல்லது முகத்தில் ஸ்பாட் வையுங்கள். வெளியே உள்ள தென்னை மரம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

11. பரதநாட்டிய மேடை ஸ்பாட் முறைக்கென்றே அமைந்த இடம். முக்கால் ஃபிரேம் கறுப்புத் திரை, நடுவில் ஒருவர் மேல் மட்டும் பளீரென்ற விளக்கு. பலகட்ட முறை திரையை வெளிச்சமாக்கப் பார்த்து முகத்தைக் கெடுத்துவிடும். முகத்தில் ஸ்பாட் வைத்து அளந்து எடுங்கள். ஆனால் ஆடுபவர் நகர்ந்துகொண்டே இருப்பார், வட்டம் ஒருமுறை கன்னத்திலும் மறுமுறை கூந்தலிலும் விழும், படத்துக்குப் படம் வெளிச்சம் குதிக்கும். அதற்குத் தீர்வு குறிப்பு 15-ல் இருக்கிறது. உங்கள் கேமராவில் ‘ஹைலைட் வெயிட்டட்’ இருந்தால் அதையும் பாருங்கள். நிக்கான் 2014-ல் டி810 மாடலில் கொண்டுவந்தது, சோனியின் பல மிரர்லெஸ் மாடல்களில் ‘ஹைலைட்’ என்ற பெயரில் இருக்கிறது. ஃபிரேமில் மிக வெளிச்சமான பகுதி வெளுக்காமல் காப்பதே அதன் வேலை. படம் மொத்தத்தில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், ரா ஃபைலில் எடுத்தால் நிழல்களைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். கேனானில் ‘ஹைலைட் டோன் பிரயாரிட்டி’ என்று ஒன்று உண்டு. அது மீட்டரிங் முறை இல்லை, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

12. ஸ்பாட் வட்டம் எங்கே இருக்கிறது என்று உங்கள் கேமராவின் கையேட்டில் உறுதி செய்யுங்கள். நிக்கானில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியோடு சேர்ந்தே வட்டமும் நகரும். முழுச்சட்டக சென்சாரில் அது 4 மில்லிமீட்டர் வட்டம், ஃபிரேமில் சுமார் 1.5 சதவீதம். கேனானின் பெரும்பாலான மாடல்களில் ஃபோகஸ் புள்ளி எங்கே இருந்தாலும் ஸ்பாட் நடுவில்தான் நிற்கும். சோனியில் ‘சென்டர்’, ‘ஃபோகஸ் பாயின்ட் லிங்க்’ என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஓரத்தில் நிற்பவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்துவிட்டு, நடுவில் எரிகிற டியூப்லைட்டைக் கேமரா அளந்துகொண்டிருந்தால் படம் இருளத்தான் செய்யும்.

13. கேனான் 1500டி வைத்திருப்பவர்கள் ஸ்பாட்டைத் தேடிச் சலித்திருப்பீர்கள். அந்த மாடலில் ஸ்பாட் கிடையாது. பார்ஷியல் இருக்கிறது, நடுவே சுமார் 10 சதவீதப் பகுதியை அளக்கும். மேடைக்கும் எதிர்வெளிச்சத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒரே வித்தியாசம், முகம் அந்த வட்டத்தை நிரப்புகிற அளவுக்குக் கிட்டே போகவோ ஜூம் செய்யவோ வேண்டும். அளந்து பூட்டிய பிறகு ஜூமைப் பழைய இடத்துக்கு விடலாம்.

14. பூட்டுவது என்றதும் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடிப்பதுதான் பலருக்கு நினைவு வரும். ஒருமுறை மட்டும் ஃபோகஸ் செய்யும் முறையில் (கேனானில் ‘ஒன் ஷாட்’) அது ஃபோகஸைப் பூட்டும், வெளிச்ச அளவைப் பூட்டுமா என்பது கேமராவைப் பொறுத்தது. கேனான் டிஎஸ்எல்ஆர்களில் எவால்யுவேட்டிவ் முறையில், ஒன் ஷாட் ஃபோகஸில் மட்டும் இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், ஸ்பாட்டிலும் பார்ஷியலிலும் பூட்டாது. நிக்கானில் மெனுவில் தனியாகச் சொன்னால்தான் பூட்டும். அதனால் இதற்கென்று உள்ள பொத்தானையே பழகுங்கள். கேனானில் கட்டைவிரல் பக்கம் நட்சத்திரக் குறி, நிக்கானிலும் சோனியிலும் ‘ஏஇ எல்’ என்று எழுதியிருக்கும். முகத்தில் வட்டத்தை வையுங்கள், பொத்தானை அழுத்துங்கள், ஃபிரேமை மாற்றிக்கொண்டு எடுங்கள்.

15. வெளிச்சம் மாறாத இடத்தில் மீட்டரிடம் ஒருமுறை மட்டும் கேளுங்கள். கல்யாண மேடை, நடன மேடை, வகுப்பறை, கொலு வைத்த கூடம் எல்லாம் இப்படிப்பட்டவை. ஸ்பாட் முறையில் ஒரு முகத்தை அளந்து, கிடைத்த அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் அப்படியே ‘எம்’மில் வைத்துவிடுங்கள். அதன்பின் வெள்ளைச் சட்டைக்காரர் ஃபிரேமுக்குள் வந்தாலும் கறுப்புக் கோட் வந்தாலும் முகங்கள் ஒரே அளவில் இருக்கும். ஆல்பம் அச்சடிக்கும்போது ஐம்பது படத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டி வராது. கல்யாண மேடையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. வீடியோக்காரர் விளக்கை ஏற்றி அணைக்கும்போதும், பின்னாலுள்ள எல்இடி திரை நிறம் மாறும்போதும் திரும்ப அளக்க வேண்டும்.

16. ‘எம்’மில் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டிருந்தால் மீட்டர் இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அபெர்ச்சரும் ஷட்டரும் நிலையாக இருக்க, ஐஎஸ்ஓ ஏறி இறங்கும், படம் படமாக வெளிச்சம் மாறும். முழுக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவையும் ஓர் எண்ணில் நிறுத்துங்கள். அப்படி மூன்றையும் நிறுத்திய பிறகு மீட்டரிங் முறையை மாற்றினால் உள்ளே ஓடும் அளவுகோல் முள் மட்டும்தான் நகரும், படம் மாறாது.

17. சிவப்புக் காஞ்சிபுரம் பட்டு தனிக் கவனம் கேட்கிறது. மஞ்சள் ஒளி விளக்கில் சிவப்புப் பட்டை எடுத்தால் முகம் சரியாக இருக்கும், படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் சாதாரண ஹிஸ்டோகிராம் வரைபடமும் சரி என்றே சொல்லும். பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் புடவையில் நெசவு தெரியாது, மடிப்புகள் ஒன்றாகி ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். காரணம், சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பதிகிறது. மொத்த வெளிச்சம் அளவுக்குள் இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுகிறது. மெனுவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் வசதியை ஆன் செய்து, சிவப்புக் கோடு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் −0.3 அல்லது −0.7. முகம் கொஞ்சம் மங்கினால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், போன ஜரிகையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தப் புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் ஆல்பத்தில் முதலில் தேடுவது அதைத்தான்.

18. திரையின் பிரகாசத்தை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், இரவில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராமையோ, வெளுத்த இடம் கண்சிமிட்டும் எச்சரிக்கையையோ பாருங்கள். மிரர்லெஸ்ஸில் எடுப்பதற்கு முன்பே வரிக்கோடுகளாகக் காட்டும் ‘ஸீப்ரா’ இருந்தால் இன்னும் நல்லது. விளக்குச் சுடர், பித்தளையில் தெறிக்கும் ஒளி போன்றவை கண்சிமிட்டினால் விட்டுவிடுங்கள். நெற்றியோ வேட்டியோ சிமிட்டினால் குறையுங்கள்.

19. அகல் விளக்கு, கார்த்திகை தீபம் எடுக்கும்போது சுடரில் ஸ்பாட் வைத்தால் சுடரைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். சுடரை ஃபிரேமுக்கு வெளியே விட்டு, அதன் ஒளி விழும் முகத்தையோ கோலத்தையோ அளந்து பூட்டுங்கள். பலகட்ட முறையில் எடுப்பதென்றால் −1. இல்லாவிட்டால் இரவை எல்லாம் கேமரா பகலாக்கிவிடும்.

20. கன்னியாகுமரியில் சூரிய உதயத்தை எடுக்கிறவர்கள் சூரியனை ஃபிரேமுக்கு வெளியே வைத்து, அதற்குப் பக்கத்து வானத்தை அளந்து பூட்டிக்கொண்டு பிறகு சூரியனை உள்ளே கொண்டுவாருங்கள். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடித் துளை வழியாக, அதிலும் டெலி லென்ஸ் போட்டு, ஏறிவிட்ட சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரச் சேதம் வரும். பின்திரையைப் பார்த்து எடுங்கள்.

21. நிலா இரவில் தெரிந்தாலும் அது வெயிலில் இருக்கிற பாறை. முழுநிலாவுக்கு மீட்டரே வேண்டாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 1/100 என்று ‘எம்’மில் வைத்துத் தொடங்கலாம். கோபுரத்தோடு சேர்த்து எடுக்க ஆசைப்பட்டால் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை போங்கள். அன்று சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே நிலா எழுந்துவிடும். வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கிற அந்த நேரத்தில்தான் கோபுரமும் நிலாவும் ஒரே அளவில் அடங்கும்.

22. வேடந்தாங்கலில் வெள்ளைக் கொக்கு கரும்பச்சை மரங்களுக்கு முன்னால் பறக்கும்போது −1, அதே கொக்கு வெளிர் வானத்தில் ஏறியதும் +1. பறந்துகொண்டிருக்கும்போது இதை மாற்றி மாற்றி வைக்க நேரமிருக்காது. கொக்கின் மீது விழும் வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்பதால், உட்கார்ந்திருக்கும் கொக்கு ஒன்றில் அளந்து ‘எம்’மில் நிறுத்திவிடுவது நல்லது. வெள்ளை இறகில் நேரடியாக ஸ்பாட் வைத்தால் +1.5 அளவு கூட்ட மறக்க வேண்டாம்.

23. சென்டர் வெயிட்டட் பழைய முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நிக்கானின் முழுச்சட்டக மாடல்களில் நடுவே 12 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 75 சதவீத மதிப்புத் தருகிறது. பலகட்ட முறை போலத் தானாக எதையும் ஊகிக்காது, எனவே அடுத்து என்ன செய்யும் என்று உங்களால் முன்கூட்டியே சொல்ல முடியும். பிலிம் காலத்தில் பழகியவர்கள் பலர் ஒருவரை மட்டும் நடுவில் வைத்து எடுக்கும் படங்களுக்கு இன்னும் இதைத்தான் விரும்புகிறார்கள்.

24. டிஎஸ்எல்ஆரை ட்ரைபாடில் வைத்து டைமரில் குடும்பப் படம் எடுக்கும்போது, கண் வைக்கும் துளை வழியாகப் பின்னாலிருந்து வெளிச்சம் உள்ளே புகுந்து மீட்டரைக் குழப்பும், படம் இருண்டு வரும். கேனான் வாரில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் மூடி இதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். அது தொலைந்திருந்தால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். மிரர்லெஸ்ஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

25. ஃப்ளாஷ் போட்டால் கணக்கு இரண்டாகிறது. மீட்டரிங் முறை பின்னணி வெளிச்சத்தைத் தீர்மானிக்கும், ஃப்ளாஷ் தன் அளவைத் தனியாக எடுத்துக்கொள்ளும், அதற்குத் தனிக் காம்பன்சேஷனும் உண்டு. நிக்கானில் ஸ்பாட்டுக்கு மாறினால், பின்னணியோடு ஃப்ளாஷைச் சமன்செய்யும் வழக்கம் நின்றுவிடும். வெயிலில் நிழல் நிரப்ப ஃப்ளாஷ் போடுகிறவர்கள் மேட்ரிக்ஸிலேயே இருங்கள்.

26. செல்போனிலும் இதெல்லாம் நடக்கிறது. திரையில் முகத்தைத் தொட்டால் அங்கே அளக்கிறது. பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்துவது காம்பன்சேஷன். தொட்டபடி சில வினாடி பிடித்திருந்தால் பல போன்களில் அளவு பூட்டிக்கொள்ளும். வெள்ளை வேட்டிக்கும் கறுப்புத் திரைக்கும் மேலே சொன்ன கணக்கு இங்கேயும் செல்லும்.

27. வேலை முடிந்து பையில் வைக்கும் முன் பலகட்ட முறைக்கும் காம்பன்சேஷனைப் பூஜ்யத்துக்கும் கொண்டுவந்துவிடுங்கள். பல கேமராக்களில் ஆஃப் செய்தாலும் இவை அழியாது. மேடைக்கு வைத்த ஸ்பாட் மறுநாள் பள்ளி விழாவிலும் ஓடிக்கொண்டிருக்கும்.